கோமாவில் இருப்பவருக்காக யார் கையெழுத்துப் போடுவது?

இன்னைக்கு ஒரு சூழ்நிலையிலிருந்து ஆரம்பிக்கலாம். கணவர் கோமாவில் இருக்கார். ஐ.சி.யூ. பில் ஏறிக்கிட்டே இருக்கு. பணம் அவர் கணக்கில், வீடு அவர் பேரில். மனைவி பேங்குக்குப் போனா, "சாரோட கையெழுத்து வேணுமே மேடம்"னு சொல்றாங்க. மனைவியே போட்டுட்டா என்ன? சட்டப்படி முடியாது. 18 வயசு தாண்டின ஒருத்தருக்கு அப்பா, அம்மா, கணவன், மனைவி யாருமே தானாக கார்டியன் ஆயிட மாட்டாங்க.

அப்போ யார் ஆகலாம்? இந்தக் கேள்விக்குச் சுமார் எழுநூறு வயசு. நம்ம நீதிமன்றங்களுக்கு இந்த யோசனை இங்கிலாந்திலிருந்து வந்தது. அதனால அங்கே ஒரு நடை போயிட்டு வரணும்.

இடைக்கால இங்கிலாந்தில் மன்னரின் தனி உரிமைகளைப் பட்டியல் போட்ட ஒரு சட்டம் இருந்தது. அது மனிதர்களை இரண்டாகப் பிரித்தது. பிறவியிலேயே அறிவு வளராதவர்னா, அவர் நிலம் மன்னர் கைக்குப் போகும். அவருக்குச் சோறும் துணியும் கொடுத்துட்டு, மிச்ச வருமானத்தை மன்னரே வைச்சுக்கலாம். அவர் இறந்த பிறகுதான் நிலம் வாரிசுக்கு. ஆனா நல்லா இருந்து இடையில் புத்தி தடுமாறினவர்னா, மன்னர் ஒரு காசுகூட எடுக்கக் கூடாது. குணமானா எல்லாத்தையும் திருப்பித் தரணும்.

எந்த வகைன்னு சொல்றது ஜூரி. 16-ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் ஒன்றில் அதுக்கான சோதனை இருக்கு: இருபது காசு எண்ணத் தெரியுமா? அப்பா அம்மா யாருன்னு தெரியுமா? தன் வயசு தெரியுமா? (மூணாவது கேள்வியில் நம்ம கொள்ளுப்பாட்டிகள் பாதிப் பேர் ஃபெயில்.) ஜூரிகள் ஒருத்தரைப் பிறவி வகைன்னு தீர்ப்பு சொல்றது அபூர்வம்னு 18-ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டோன் எழுதுறார். அப்படிச் சொன்னா மன்னருக்கு லாபம், குடும்பத்துக்கு நஷ்டம். பக்கத்து வீட்டுக்காரங்க தெரிஞ்சேதான் காப்பாத்தியிருக்காங்கன்னு நான் நினைக்கிறேன்.

இந்தியாவுக்கு வருவோம். 1858-இல் ஒரே நேரத்தில் மூணு சட்டங்கள் வந்தன. ஒன்று மனநலக் காப்பகங்கள் பற்றியது. மத்த இரண்டும் கோர்ட் விசாரணையும் சொத்து நிர்வாகமும். 1912-இல் எல்லாத்தையும் ஒன்றாக்கி 'இந்திய லூனசி சட்டம்' போட்டாங்க. அது 1993 வரைக்கும் ஓடியது!

அந்தப் பழைய சட்டத்தில் எனக்குப் பிடிச்ச ஒரு விதி இருக்கு. சொத்துக்கு வாரிசா இருக்கிறவரை, நோயாளியின் உடலைப் பாத்துக்கிற கார்டியனா பொதுவா போடக் கூடாது. போட்டா, அது நோயாளிக்கு நல்லதுன்னு கோர்ட் காரணம் எழுதணும். ஏன்? அவர் சீக்கிரம் போனா யாருக்கு லாபமோ, அவர் கையிலேயே கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுக்காதேன்னு அர்த்தம். குரூரமான சந்தேகம்தான். ஆனா சொத்துத் தகராறு பாத்த எந்த வக்கீலும் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டார்.

அப்புறம் காலம் மாறிச்சு. 1999-இல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கு கலெக்டர் இருக்கிற உள்ளூர்க் குழுவே கார்டியனை நியமிக்கலாம். 2007-இல் இந்தியா ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையில் சேர்ந்தது. 'இவருக்காக நான் முடிவெடுக்கிறேன்' என்பதை விட்டு, 'இவர் முடிவெடுக்க நான் உதவுறேன்' என்பதுதான் அதன் அடிப்படை. 2017 மனநலச் சட்டமும் அந்த வழியில் போய், சிகிச்சைக்கு நாமே ஒரு பிரதிநிதியைச் சொல்லி வைக்கலாம்னு கொண்டுவந்தது. ஆனா பழைய சொத்து நிர்வாக அத்தியாயம் அதோட காணாமப் போச்சு.

இதில் கோமாவில் இருக்கிறவர் எந்தப் பட்டியலிலும் சரியா உட்காரலை. அதனால குடும்பங்கள் ஹைகோர்ட்டுக்குப் போறாங்க. 2019-இல் கேரள உயர் நீதிமன்றம், சட்டம் வர்ற வரைக்கும்னு சொல்லி, கார்டியன் நியமனத்துக்குத் தானே வழிமுறைகள் வகுத்தது. 2024-இல் சென்னையில், கோமாவில் இருந்தவரின் மனைவியை சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி தனி நீதிபதி அனுப்பிட்டார். இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மனைவியையே கார்டியனாக்கி, சொத்தை விற்க அனுமதி கொடுத்தது. ஒரு நிபந்தனையோட: 50 லட்சம் ரூபாய் கணவர் பேரில் டெபாசிட்டா இருக்கணும். வட்டியை எடுக்கலாம். அவர் உயிரோட இருக்கிற வரைக்கும் அசலைத் தொடக் கூடாது.