குறுவாள் தடுப்பு முறைகள்: இரு ஜூடோ வடிவங்கள் காட்டும் வரலாறு

தாக்குவோனும் தடுப்போனுமாக இருவர் முன்னரே வரையறுத்த முறையில் நிகழ்த்தும் பயிற்சித் தொகுதியை ஜப்பானியர் 'கட்டா' என்பர். ஜூடோக் கலையில் படைக்கலம் ஏந்தியவனை வெறுங்கையால் தடுத்தலைப் பயிற்றும் கட்டாக்களுள் இரண்டு ஈண்டு ஆய்வுக்குரியன. 'கிமே நோ கட்டா' முற்பட்டது. 'கோஷின் ஜுட்சு' பிற்பட்டது. பின்னது வாழ்க்கைக்குப் பயன்படுவது என்றும் முன்னது வெறும் மரபுச் சடங்கு என்றும் கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை இரண்டிலும் இடம்பெறும் குறுவாள் தடுப்பு முறைகளைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1882-இல் டோக்கியோவில் கோடோகன் என்னும் பயிற்சிக் கழகத்தை நிறுவியவர் ஜிகோரோ கானோ. 1906-இல் கியோட்டோவில் அவர் தலைமையில் ஜுஜுட்சு ஆசிரியர் பலர் கூடிக் கிமே நோ கட்டாவுக்கு நிலைத்த வடிவம் தந்தனர். இதன்கண் 20 முறைகள் உள. அவற்றுள் 8 முழந்தாளிட்டு அமர்ந்தும், 12 நின்றும் நிகழ்த்தப்பெறுவன. குறுவாளுக்கு எதிரானவை 5. அவற்றுள்ளும் 3 அமர்ந்த நிலையின. நெடுவாளுக்கு எதிரானவை 2.

அமர்ந்த நிலைக்கு இத்துணை இடம் அளித்தது ஏன்? பாய் பரப்பிய தரையில் முழந்தாளிட்டு அமர்தல் அந்நாட்டு இல்வழக்கு. சாமுராய் மரபினர் மனைக்குள் நெடுவாளை நீக்கி வைப்பர். குறுவாளோ இடையில் இருக்கலாம். எனவே எதிரே அமர்ந்து உரையாடுவோன் திடீரெனக் குத்துவான் என்னும் அச்சம் அவ்வாழ்க்கையில் வேரூன்றியது. பொதுவிடத்தில் வாள் தாங்குதலை அரசு 1876-இல் தடைசெய்தது. அதன்பின் 30 ஆண்டுகள் கழிந்தும் நெடுவாள் இக்கட்டாவில் இடம்பெற்றமை, மறைந்த சமுதாயத்தின் அச்சத்தைப் பயிற்சி மரபு காத்துவைத்தமையைப் புலப்படுத்தும்.

கோஷின் ஜுட்சு 1956-இல் கோடோகனில் வகுக்கப்பெற்றது. இதன் 21 முறைகளுள் 12 வெறுங்கைத் தாக்குதலுக்கு உரியன. எஞ்சிய 9-இல் குறுவாள், தடி, கைத்துப்பாக்கி ஆகிய மூன்றும் மும்மூன்று முறைகளைப் பெறுகின்றன. அமர்ந்த நிலையும் நெடுவாளும் அறவே நீங்கின. தாக்குதல் நிகழும் இடம் மனையகத்தினின்று தெருவுக்கு மாறியது எனலாம்.

எனினும் குறுவாள் மட்டும் இரண்டிலும் நிலைபெற்றது. தடுக்கும் நெறியும் பெரிதும் மாறவில்லை. குத்து வரும் நேர்கோட்டினின்று முதலில் உடலை விலக்குதல், அடுத்து ஏந்திய கையை அடக்குதல், பின்னர் முழங்கையையோ மணிக்கட்டையோ மடக்கிச் செயலறச் செய்தல் என்பதே இரண்டுக்கும் பொதுவான வரிசை. அலகைப் பற்ற முயலுதல் இரண்டிலும் இல்லை. பிற்பட்ட வடிவத்தின் முதற் குறுவாள் முறை, படையை உருவ முற்படும்போதே கையைத் தடுக்கிறது. இஃது அதன் தனிச்சிறப்பு.

நெடுவாள் வெளிப்படையாகத் தாங்கப்படுவது. ஆதலின் சட்டம் அதனை விலக்க இயன்றது. ஆடைக்குள் ஒளிக்கத்தகும் சிறுபடையை அவ்வாறு விலக்குதல் அரிது. குறுவாள் நிலைத்தமைக்கு இதுவே காரணம் எனத் துணியலாம்.

ஆகவே முன்னதைச் சடங்கென ஒதுக்குதல் பொருந்தாது. பின்னதை முற்றும் நடைமுறை எனப் போற்றுதலும் மிகையே. இரண்டிலும் தாக்குவோன் முன்னரே அறிந்த ஒரு குத்தையே குத்துகிறான். உண்மைப் பகைவனோ விடாது பலமுறை குத்துவான். கட்டா வெற்றிக்கு உறுதி தருவதன்று. உடலுக்கு நெறி பயிற்றுவது. அதனோடு, ஒரு காலத்து மக்கள் யாரை, எவ்விடத்தில், எப்படைக்கு அஞ்சினர் என்பதற்கு உடலசைவில் எழுதப்பெற்ற சான்றாகவும் அது விளங்குகிறது.