செஸ் ஆட்டங்களுக்கு ஒரு பொது வடிவம் வந்த கதை

சாரல் காலத்தில் எங்கள் வடகரையில் மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் செஸ் ஆடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. அப்படி ஒருநாள் பரணைக் கிளறியபோது தாத்தாவின் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. அவரும் அவர் நண்பர்களும் ஆடிய ஆட்டங்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் எனக்கு ஒரு வரி கூடப் புரியவில்லை! "பி-கே4, பி-கே4" என்று இருந்தது. இரண்டு பேரும் ஒரே கட்டத்தில் எப்படிக் காயை வைக்க முடியும்?

கொஞ்சம் தேடிப் படித்ததும் விஷயம் பிடிபட்டது. அது பழைய ஆங்கிலக் குறிப்பு முறை. அதில் ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்து கட்டங்களை எண்ணுவார்கள். அதனால் ஒரே கட்டத்துக்கு இரண்டு பெயர். வெள்ளை எழுதும் பி-கே4 இன்றைய இ4. கறுப்பு எழுதும் அதே பி-கே4 இன்றைய இ5. நம் நாட்டுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் வழியாக வந்த முறை இது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1981 முதல் இதை ஏற்பதில்லை. ஒரு கட்டத்துக்கு ஒரே பெயர் என்ற இன்றைய முறைதான் சட்டம்.

சரி, மனிதர்கள் ஒரு முறைக்கு வந்துவிட்டார்கள். கணினிகள்? அங்கேதான் அடுத்த குழப்பம்.

1980களின் பிற்பகுதியில் ஆட்டங்களைச் சேமிக்கும் மென்பொருள்கள் வரத் தொடங்கின. ஜெர்மனியில் மத்தியாஸ் வுல்லன்வேபரும் ஃபிரெட்ரிக் ஃப்ரீடலும் தொடங்கிய செஸ்பேஸ் 1987இல் அடாரி எஸ்டி கணினிக்கு வந்தது. நெதர்லாந்தில் நிக்பேஸ், ரஷ்யாவில் செஸ் அசிஸ்டென்ட் என்று வேறு சிலவும் வந்தன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கோப்பு வடிவம் வைத்திருந்தது. ஒன்றில் சேமித்ததை மற்றொன்று அப்படியே படிக்காது. ஆயிரம் ஆட்டங்களை ஒரு மென்பொருளில் தட்டச்சு செய்தவர் அந்த மென்பொருளுக்கே கட்டுப்பட்டவர்தான். நம் உழைப்பு, ஆனால் பூட்டும் சாவியும் இன்னொருவரிடம்!

இதற்குத் தீர்வு சொன்னவர் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர். செஸ் ஆர்வலர்கள் பலரிடம் கருத்துக் கேட்டு 1993இல் ஒரு பொது வடிவத்தை உருவாக்கினார். பெயர் பிஜிஎன், அதாவது போர்ட்டபிள் கேம் நொட்டேஷன். அதன் விரிவான விதிகள் 1994இல் வெளிவந்தன.

இதன் சிறப்பே எளிமைதான். இது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம். மேலே ஏழு விவரங்கள் கட்டாயம்: போட்டி, இடம், தேதி, சுற்று, வெள்ளை, கறுப்பு, முடிவு. கீழே நகர்த்தல்கள். காய்களின் பெயர் மொழிக்கு மொழி மாறும். நம்மிலேயே ஒரு வீட்டில் யானை என்பதை அடுத்த வீட்டில் கோட்டை என்பார்கள். எனவே பரிமாற்றத்துக்கு ஆங்கில எழுத்துகள் என்று முடிவானது. ராஜாவுக்குக் 'கே' போய்விட்டதால் குதிரைக்கு 'என்'.

எட்வர்ட்ஸ் இன்னொரு நல்ல காரியமும் செய்தார். மனிதர் கையால் எழுதியது கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மென்பொருள் ஏற்க வேண்டும். ஆனால் மென்பொருள் வெளியே தரும்போது விதி பிசகாமல் தர வேண்டும். வாங்கும்போது தாராளம், கொடுக்கும்போது கண்டிப்பு. வீட்டுக்கும் பொருந்தும் விதி :-)

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1994இல் இங்கிலாந்தின் மார்க் க்ரௌதர் 'த வீக் இன் செஸ்' என்ற வார இதழை இணையத்தில் தொடங்கினார். பெரிய போட்டிகளின் ஆட்டங்கள் உலகம் முழுவதும் இலவசமாகக் கிடைத்தன. செஸ்பேஸ் தன் சொந்த வடிவத்தை விடவில்லை. ஆனால் பிஜிஎன்னையும் படிக்கிறது, எழுதுகிறது. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோதும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோதும், அந்த ஆட்டங்களை நான் இங்கே உட்கார்ந்து இறக்கிப் பார்த்தது இந்த வடிவத்தில்தான். ஆனந்த் சிறுவனாக இருந்த காலத்தில் வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்க்கப் புத்தகமும் பத்திரிகையும்தான் வழி.

குறையே இல்லையா? இருக்கிறது. 1994 விதிகள் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறிமுறையை மட்டுமே எடுத்துக்கொண்டன. தமிழுக்கு அதில் இடமில்லை. 'பொது' என்று பெயர் வைத்தாலும், யார் கூடிப் பேசினார்களோ அவர்கள் தேவைதான் முதலில் உள்ளே வருகிறது. இன்று பல மென்பொருள்கள் யூனிகோடு எழுத்துகளையும் ஏற்பதால் தாத்தா ஓரத்தில் கிறுக்கிய "இங்கே குதிரையை விட்டது முட்டாள்தனம்" என்ற வரியையும் என்னால் சேர்க்க முடிகிறது.

நோட்டில் பல ஆட்டங்களுக்குத் தேதி இல்லை. எதிராளி யாரென்றும் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் தாத்தா இல்லை. அதற்கும் எட்வர்ட்ஸ் வழி வைத்திருக்கிறார்: தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடலாம், ஆட்டம் செல்லும். இதுவரை பதினோரு ஆட்டங்களை ஏற்றிவிட்டேன். இடம்: வடகரை. தேதி: கேள்விக்குறி. கறுப்பு: கேள்விக்குறி. வெள்ளை மட்டும் தாத்தா பெயர்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தால், கரையான் முந்துவதற்குள் எடுத்துவிடுங்கள்.