சீனக்குடாவில் நின்றது எந்த விமானம்?



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்காபரோவில் வசிக்கும் நண்பர் ஒருவர் சிறிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுடன் என்னிடம் வந்தார். தொண்ணூறு வயதைக் கடந்து காலமான அவரது தந்தையார் இளவயதில் சீனக்குடா விமானத் தளத்தில் தொழிலாளியாக இருந்தவர். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காகப் பழைய பெட்டியைக் கிளறியபோது அகப்பட்ட படம் அது. ஆட்கள் எவரும் இல்லை. ஒரு போர் விமானத்தின் விமானியறை மட்டும் மேலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. பின்புறத்தில் தந்தையாரின் கையெழுத்தில் "ஸ்பிற்பயர், சீனக்குடா, 1942" என்று இருந்தது.

"அண்ணை, இதை அப்பிடியே மலரில போடலாமோ?" என்று கேட்டார்.

எனக்கு ஆண்டும் பெயரும் பொருந்தவில்லை. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. அன்றுதான் ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. அந்த நாட்களில் பிரித்தானிய விமானப்படை இலங்கையில் வைத்திருந்த சண்டை விமானங்கள் ஹரிக்கேன்கள். இரத்மலானையில் 30ஆவது அணி, கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் 258ஆவது அணி, சீனக்குடாவில் 261ஆவது அணி என மூன்று அணிகளும் ஹரிக்கேன்களையே பறந்தன. ஸ்பிற்பயர்கள் இலங்கைத் தளங்களில் நின்றது 1944இல்.

ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இரைந்துகொண்டு போன சண்டை விமானம் எல்லாமே ஸ்பிற்பயர்தான். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. இங்கிலாந்திலேயே அப்படித்தான். 1940இல் பிரித்தானிய வான்போரில் எதிரி விமானங்களை அதிகம் வீழ்த்தியது ஹரிக்கேன். பெயரை எடுத்துக்கொண்டு போனது ஸ்பிற்பயர். அழகாய் இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது.

வெளிப்படம் என்றால் இறக்கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். விமானியறைப் படத்தில் இறக்கையும் இல்லை, வாலும் இல்லை. பலரும் முதலில் கருவிப் பலகையின் மானிகளைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அங்கேதான் ஏமாற வேண்டிவரும். 1930களின் பிற்பகுதியிலிருந்து பிரித்தானிய விமானப்படை முக்கியமான ஆறு மானிகளை ஒரே தட்டில், ஒரே ஒழுங்கில் பொருத்தி வந்தது. மேல் வரிசையில் இடமிருந்து வலமாக வேகமானி, செயற்கை அடிவானம், ஏறியிறங்கும் வேகத்தைக் காட்டும் மானி. கீழ் வரிசையில் உயரமானி, திசைகாட்டும் சுழலி, திரும்பலையும் சறுக்கலையும் காட்டும் மானி. ஒரு விமானத்தில் பழகியவர் இன்னொன்றில் ஏறினாலும், முகிலுக்குள் கண் தானாகவே உரிய இடத்துக்குப் போகவேண்டும் என்பதே நோக்கம். ஆகவே ஸ்பிற்பயரிலும் அதே தட்டு, ஹரிக்கேனிலும் அதே தட்டு, பெரிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திலும் அதே தட்டு. எந்த நாட்டு விமானம், ஏறக்குறைய எந்தக் காலம் என்பதை அந்தத் தட்டு சொல்லும். உயரமானி கீழே இடப்பக்கம் இல்லாமல் மேலே வலப்பக்கம் இருந்தால், அது பிற்கால ஒழுங்கு. வேகமானியின் எழுத்துகள் தெரிந்தால் இன்னும் நல்லது. போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை மணிக்கு மைல் கணக்கில் வேகத்தைப் பார்த்தது. கடற்படை விமானங்கள் நொட் கணக்கில் பார்த்தன. ஆனால் விமானத்தின் பெயரை மானிகள் சொல்லமாட்டா.

பெயரைச் சொல்பவை கைபிடிகள். விமானியின் கை எங்கே போகவேண்டியிருந்தது என்று பார்க்கவேண்டும்.

ஸ்பிற்பயர், ஹரிக்கேன் இரண்டிலும் கட்டுப்பாட்டுத் தண்டின் உச்சியில் வட்டமான வளையப் பிடி இருக்கும். அதை வைத்துக்கொண்டு "ஸ்பிற்பயர்" என்று எழுதப்பட்ட படங்கள் எத்தனையோ. இரண்டிலும் சில்லுகளை உள்ளிழுக்கும் கைபிடி வலப்பக்கம். விமானி மேலெழும்பியவுடன் இடக்கையைத் திரொட்டிலிலிருந்து எடுத்துத் தண்டைப் பிடித்து, வலக்கையால் சில்லுகளை மேலே எடுக்கவேண்டும். முதலில் வந்த ஸ்பிற்பயர்களில் சில்லுகளை ஏற்றக் கையாலேயே பம்ப் அடிக்க வேண்டியிருந்தது. பழக்கமில்லாதவர் வலக்கையால் அடிக்க அடிக்க, இடக்கையும் கூடவே ஆடி, விமானம் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டு போகும்.

வேறுபாடு அந்தக் கைபிடியின் வடிவில் இருக்கிறது. ஹரிக்கேனில் சில்லுகளுக்கும், இறக்கையின் பின்விளிம்பிலிருந்து இறங்கும் தட்டுகளுக்கும் ஒரே கைபிடிதான். ஆங்கில எச் எழுத்துப் போல வெட்டப்பட்ட தடத்துக்குள் அது ஓடும். ஒரு காலில் சில்லுகள் மேல், கீழ். மறு காலில் தட்டுகள் மேல், கீழ். குறுக்குக் கோட்டில் நடுநிலை. பழைய காரின் கியர் போலத்தான். ஸ்பிற்பயரில் அந்த எச் இல்லை. தட்டுகளுக்குக் கருவிப் பலகையின் இடப்பக்க மேல்மூலையில் ஒரு சின்ன விசை. இடப்பக்கச் சுவரில் கீழ்நோக்கித் திறக்கும் சிறிய கதவும் ஸ்பிற்பயரின் அடையாளம். ஹரிக்கேனின் பக்கங்களிலோ உடற்சட்டத்தின் உலோகக் குழாய்கள் வெளித்தெரியும்.

அதே வாரம் இலங்கை வானில் பறந்த வேறு விமானங்களை இப்படிக் குழப்பவே முடியாது. ஜப்பானிய ஸீரோவின் கருவிப் பலகைக்கு மேலே இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளின் பின்பகுதிகள் விமானியின் முகத்துக்கு நேரே உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். சுடும் விசையும் தண்டில் இல்லை, இடக்கைத் திரொட்டிலில் இருக்கும்.

கட்டலினா பறக்கும் படகில் எஞ்சின்கள் தலைக்கு மேலான இறக்கையில் இருப்பதால் திரொட்டில்கள் கூரையிலிருந்து தொங்கும். இரண்டு விமானிகளின் சக்கரங்களும் அறையின் குறுக்கே போகும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின்களைக் கவனிக்கும் பொறியாளர் பின்னால் இறக்கையைத் தாங்கும் தூணுக்குள் இருப்பார். விமானி அந்தச் சட்டத்திலுள்ள விசைகளால் விளக்குச் சைகை அனுப்புவார். ஒன்ராறியோ மண்ணின் மைந்தரான லெனாட் பேர்ச்சோல் கொக்கலையிலிருந்து ஓட்டிச் சென்றது இத்தகைய ஒரு கட்டலினாதான். ஏப்ரல் 4ஆம் திகதி ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையில் அவர் சுட்டு வீழ்த்தப்பட்டார். ஒன்பது பேரில் ஆறு பேர் உயிர்தப்பி, போர் முடியும்வரை சிறையிருந்தனர்.

நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். அருங்காட்சியக விமானங்கள் பலமுறை பூச்சுக் கண்டவை. இல்லாத மானிக்குப் பதில் கிடைத்த மானியைப் பொருத்தியிருப்பார்கள். இன்றும் பறப்பவற்றில் புதிய வானொலிப் பெட்டி இருக்கும். ஆனால் எச் தடத்தை எவரும் மாற்றுவதில்லை. ஒட்டாவா விமான அருங்காட்சியகத்தில் ஹரிக்கேனும் ஸ்பிற்பயரும் இருக்கின்றன. அங்குள்ள ஹரிக்கேன் கனடாவில் கட்டப்பட்டது. இன்று தண்டர் பே எனப்படும் நகரின் தொழிற்சாலையில் எல்சி மக்கில் என்ற பெண் பொறியியலாளரின் பொறுப்பில் 1,400க்கும் மேற்பட்ட ஹரிக்கேன்கள் உருவாயின.

நண்பரின் படத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தோம். மானிகளில் எழுத்துத் தெரியவில்லை, ஆறின் ஒழுங்கு தெரிந்தது. வளையப் பிடி தெரிந்தது. வலப்பக்கக் கீழ்மூலையில், நிழலுக்குள், எச்.

"அப்ப அப்பா பிழையா எழுதிப்போட்டாரோ?" என்றார் நண்பர், முகம் வாடி.

பெயர் பிழை, ஆனால் அந்தப் பிழையே ஆண்டுக்குத் துணைநிற்கிறது என்றேன். ஸ்பிற்பயர் என்றால் 1942 நின்றிராது. ஹரிக்கேன் என்றபடியால் நிற்கலாம். எந்த மாதம், 9ஆம் திகதிக்கு முன்னா பின்னா என்பதை விமானியறை சொல்லாது.

மலரில் படத்தின் இரு பக்கங்களையும் போட்டார்கள். கையெழுத்தை அப்படியே விட்டு, கீழே சிறிய எழுத்தில் "ஹரிக்கேன் விமானத்தின் உட்புறம்" என்று சேர்த்திருந்தார்கள். அவரது மூத்த சகோதரி மட்டும் இன்றுவரை அது ஸ்பிற்பயர்தான் என்கிறார்.