சவுக்கும் எட்டு பென்ஸும்

மாஸ்கோ ஆற்றங்கரை. மழை தூறுகிறது. 16 வயதுப் பையன் ஒருவன் இரண்டு குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருக்கிறான். அவர் ஒரு சந்துக்குள் போய் வெகுநேரமாகிவிட்டது. நின்று நின்று சலித்துப்போய், குதிரைகளை நடத்திக்கொண்டு அவர் போன திசையிலேயே அவனும் போகிறான். முனை திரும்பியதும் நாற்பது தப்படி தூரத்தில் சின்னதாக ஒரு மரவீடு. ஜன்னல் திறந்திருக்கிறது. வெளியே அப்பாவின் முதுகு. உள்ளே, திரைச்சீலையின் பாதி மறைவில், அந்தக் கோடை முழுக்க இவன் உயிரையே வைத்திருந்த பெண்.

ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து டப்ளினில் ஒரு சனிக்கிழமை இரவு. மூடப்போகிற பொருட்காட்சி மண்டபம் ஒன்றில் வேறொரு பையன் நிற்கிறான். அநேகமாக எல்லாக் கடைகளும் சாத்தியாயிற்று. மண்டபத்தின் பெரும்பகுதி இருட்டு. திறந்திருக்கும் ஒரு கடையில் பீங்கான் ஜாடிகளும் பூப்போட்ட தேநீர்க் கோப்பைகளும் இருக்கின்றன. கடை வாசலில் ஒரு பெண் இரண்டு இளைஞர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். இவனைக் கண்டு, ஏதாவது வேண்டுமா என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு அவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறாள். இவன் பைக்குள் ஆறு பென்ஸ் நாணயத்தின் மேல் இரண்டு செப்புக் காசுகள் விழுகின்றன.

முதலாவது இவான் துர்கனேவின் ‘முதல் காதல்’, 1860-ல் வெளிவந்த குறுநாவல். இரண்டாவது ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘அராபி’, 1914-ல் வந்த ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பின் மூன்றாவது கதை. துர்கனேவை நான் பள்ளி நாட்களில் படித்தேன், மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகத்தில். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், அந்தக் காகிதத்துக்கே உரிய ஒரு வாசனை. விலையோ ஒரு சினிமா டிக்கெட்டுக்குக் கிட்டத்தில். ஜாய்ஸ் வந்தது பிறகு, கல்லூரியில், பாடமாக. பல வருடம் இரண்டையும் தனித்தனியாகத்தான் மனத்தில் வைத்திருந்தேன். ஒரு முறை அடுத்தடுத்த நாட்களில் இரண்டையும் திரும்பப் படிக்க நேர்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த இரண்டு பையன்களையும் எந்தப் பெண்ணும் நிராகரிக்கவே இல்லை. ‘உன்னைப் பிடிக்கவில்லை’ என்று யாரும் சொல்லவில்லை. வேறு யாரோ இருவர் பேசிக்கொண்டிருந்த இடத்தின் ஓரத்தில் போய் நின்றார்கள், அவ்வளவுதான். திரும்பி நடந்தபோது அவர்கள் பையன்களாக இல்லை.

துர்கனேவின் கதை நடப்பது 1833 கோடையில். மாஸ்கோவில் நெஸ்குச்னி பூங்காவுக்கு எதிரே, பையன் விளாதிமிரின் குடும்பம் வாடகைக்கு எடுத்த வீடு. அதை ஒட்டிய சிறு வீட்டுக்கு நொடித்துப்போன ஓர் இளவரசி தன் மகளோடு குடிவருகிறாள். மகள் ஸினயீதாவுக்கு 21 வயது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று விளாதிமிர் முதல் தடவை பார்க்கும்போது, அவள் தன்னைச் சுற்றி நிற்கும் நான்கு ஆண்களின் நெற்றியில் ஒவ்வொருவராக ஒரு சின்னப் பூவால் தட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த விரல்கள் தன் நெற்றியிலும் ஒரு முறை தட்டினால் உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. அந்த வயதின் ஆசைக்கு இதைவிடச் சரியான அளவுகோலை நான் எங்கும் பார்த்ததில்லை.

பிறகு அவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிறான். பிரபு ஒருவர், மருத்துவர் ஒருவர், கவிஞர் ஒருவர், குதிரைப்படைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர். இவர்கள் நடுவே மீசை முளைக்காத இவன். ஒரு நாள் இடிந்த உயரமான சுவர் ஒன்றின்மேல் இவன் உட்கார்ந்திருக்கிறான். கீழே பாதையில் வந்த ஸினயீதா, என்மேல் அன்பு இருப்பது நிஜமானால் குதி என்று விளையாட்டாகச் சொல்கிறாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் இவன் குதித்துவிடுகிறான். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். நினைவு தப்பிக் கிடந்தவனின் முகமெல்லாம் அவள் முத்தமிடுகிறாள். அந்த ஆனந்தத்துக்கு ஈடாக இன்னொன்று தன் வாழ்வில் வரவே இல்லை என்று, நாற்பது வயது விளாதிமிர் அதை எழுதிவைக்கும்போது ஒப்புக்கொள்கிறார்.

அவள் யாரையோ காதலிக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. யாரை என்பதுதான் தெரியவில்லை. பொறாமையில் சின்னக் கத்தியோடு இரவில் தோட்டத்தில் காவல் இருக்கிறான் விளாதிமிர். இருட்டில் வருபவர் அவன் அப்பா. கத்தி புல்லில் விழுகிறது. அப்போதும் அவனுக்கு முழுதாகப் புரிவதில்லை, புரிந்துகொள்ள மனம் இடம் கொடுப்பதில்லை. முழுக்கப் புரிவது, நான் தொடக்கத்தில் சொன்ன அந்த ஜன்னலில்தான். அவள் கையை நீட்டுகிறாள். மேல்கோட்டின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்த சவுக்கை அப்பா சட்டென்று உயர்த்தி, முழங்கை வரை திறந்திருந்த அந்தக் கையில் அடிக்கிறார். அவள் கத்தவில்லை. அவரைப் பார்த்தபடி மெதுவாகக் கையை வாயருகே கொண்டுபோய்ச் சிவந்த தழும்பில் உதட்டைப் பதிக்கிறாள். அப்பா சவுக்கை வீசிவிட்டுப் படியேறி உள்ளே ஓடுகிறார்.

இதெல்லாம் கட்டிச் சொன்னது இல்லை. துர்கனேவின் இளமையில் பக்கத்து வீட்டுக்கு வந்த இளவரசி எகதெரீனா ஷஹோவ்ஸ்கயா கவிதை எழுதியவள். அவள் காதலித்தது துர்கனேவின் அப்பாவை. அப்பா 1834-ல் இறந்தார். அவள் 1836-ல், பிரசவத்தை அடுத்து. தான் எழுதியவற்றில் தனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது கற்பனை இல்லை என்று துர்கனேவ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஜாய்ஸிடம் வந்தால் எல்லாமே சிறுத்துவிடுகிறது. பூங்கா இல்லை, குதிரை இல்லை, பிரபுக்கள் இல்லை. நார்த் ரிச்மண்ட் தெரு, முட்டுச் சந்து. முன்பு குடியிருந்த பாதிரியார் செத்துப்போன வீடு; பின்கட்டில் துருப்பிடித்த சைக்கிள் பம்பு. பையனுக்குப் பெயர் இல்லை. அவளுக்கும் பெயர் இல்லை. சிநேகிதன் மங்கனின் சகோதரி என்பதோடு சரி. காலையில் ஜன்னல் திரையை ஓர் அங்குலம் மட்டும் விட்டு இறக்கிவைத்து, தரையில் படுத்தபடி அவள் வீட்டு வாசலைப் பார்க்கிறான். அவள் வெளியே வந்ததும் புத்தகங்களை அள்ளிக்கொண்டு ஓடிப் பின்னால் நடக்கிறான். பாதை பிரியும் இடம் வந்ததும் விரைந்து அவளைத் தாண்டிப் போகிறான். தினமும் இதே.

கடைசியில் அவள் பேசுகிறாள். அராபி பொருட்காட்சிக்குப் போகிறாயா என்று கேட்கிறாள். தனக்குப் போக ஆசை, ஆனால் மடத்தில் அந்த வாரம் தியானம் என்கிறாள். பேசும்போது மணிக்கட்டில் ஒரு வெள்ளி வளையலைத் திருப்பித் திருப்பி விட்டுக்கொண்டிருக்கிறாள். நான் போனால் உனக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்று இவன் சொல்லிவிடுகிறான். இத்தனைதான் இவர்கள் காதல்.

அராபி என்பதும் நடந்த சங்கதிதான். 1894 மே மாதம், ஒரு மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்காக டப்ளினில் நடந்த பெரிய கண்காட்சி அது. ஜாய்ஸுக்கு அப்போது 12 வயது.

போவதற்குப் பணம் வேண்டும். பணம் மாமாவிடம். மாமாவோ மறந்துபோய் இரவு ஒன்பது மணிக்கு வருகிறார். வெளிக்கதவில் சாவி திரும்புகிற ஓசை, தனக்குத் தானே பேசிக்கொள்ளும் குரல், மேல்கோட்டின் கனத்தில் கோட்டு மாட்டும் நிலை ஆடுகிற ஓசை. இந்த அடையாளங்களுக்கு அர்த்தம் தனக்குத் தெரியும் என்கிறான் பையன். அர்த்தம் என்ன என்று ஜாய்ஸ் சொல்வதில்லை.

இந்தப் பக்கத்தை என்னால் வெறும் கதையாகப் படிக்க முடிவதில்லை. அப்போதெல்லாம் மதுரையில் சித்திரைப் பொருட்காட்சி தமுக்கம் மைதானத்தில் நடக்கும். ஒரு வருடம், போனால் எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வா என்று ஒருத்தி சொல்லியிருந்தாள், பாதி விளையாட்டாக. அப்பா வரட்டும் என்று சாயங்காலத்திலிருந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தபோது மணி ஒன்பதரை. சைக்கிளை நிறுத்திவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் சோறு போடச் சொன்னார். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

ஜாய்ஸின் பையனுக்கு ஒரு ஃப்ளோரின் கிடைக்கிறது. இரண்டு ஷில்லிங், அதாவது 24 பென்ஸ். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் தன்னந்தனியாகப் போகிறான். இறங்கும்போது மணி பத்தாகப் பத்து நிமிடம். ஆறு பென்ஸ் வாசல் கண்ணில் படவில்லை. மூடிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு முழு ஷில்லிங்கைக் கொடுத்து உள்ளே நுழைகிறான். கடைசியில் பையில் மிஞ்சுவது எட்டு பென்ஸ். கணக்குப் போட்டுப் பார்த்தால் ரயிலுக்குப் போனது நான்காக இருக்க வேண்டும். ஜாய்ஸ் இந்தக் கணக்கை விளக்குவதில்லை, காசுகளை மட்டும் அங்கங்கே வைத்துவிட்டுப் போகிறார். ஆனால் அந்த ஜாடிகளுக்கு முன்னால் போய் நிற்பதற்கு முன்பே பையன் தோற்றுவிட்டான் என்பது அந்தக் காசுகளில் இருக்கிறது. துர்கனேவின் கதையில் எதற்கும் விலை கேட்க வேண்டிய நிலை விளாதிமிருக்கு வருவதே இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை. அவன் இழப்பதெல்லாம் மனத்தளவில். ஏழைப் பையனின் முதல் காதலில் மனம் உடைவதற்கு முன்பு பை காலியாகிறது. இதை ஜாய்ஸ் அளவுக்குக் கூசாமல் எழுதியவர்கள் குறைவு.

ஒருதலைக் காதலுக்கு நம் இலக்கணத்தில் கைக்கிளை என்று பெயர். தொல்காப்பியம் அதை ஐந்திணைக்கு வெளியே வைத்தது. காதல் இன்னதென்று அறியாத சிறு பெண்ணிடம் ஓர் ஆண் தானாகப் பேசி, பதில் பெறாமல் தானே மகிழ்ந்துகொள்வது என்பது அதன் விளக்கம். இங்கே இரண்டு கதைகளிலும் அது தலைகீழ். அறியாத வயது காதலிக்கிறவனுடையது. அதனால்தான் பதில் வராததை அவன் குறையாகவே உணர்வதில்லை. ஸினயீதா தன்னை ஏவலாள் போல நடத்துவதும் விளாதிமிருக்குச் சுகம். சந்தை இரைச்சலில், குடிகாரர்கள் நடுவே, எதிரிகள் கூட்டத்துக்குள் ஒரு கிண்ணத்தை ஏந்திப் போவதுபோல அவள் நினைவைத் தூக்கிக்கொண்டு நடப்பது டப்ளின் பையனுக்குச் சுகம். காதலுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்பதே இவர்களுக்கு இன்னும் தெரியாது.

அது தெரிய வருகிற இடத்தில்தான் இரண்டு பாதைகளும் பிரிகின்றன. ஜன்னலில் விளாதிமிர் கண்டது அவனைவிட மிகப் பெரிய ஒன்று. அடியும் அடியை ஏற்றுக்கொள்வதும் சேர்ந்த அந்தக் காட்சிக்கு முன்னால், தன் ஏக்கம், சுவரிலிருந்து குதித்தது, இரவுக் காவல் எல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாக அவனுக்குச் சுருங்கிவிட்டது. கடை வாசலில் டப்ளின் பையன் கேட்டதோ மிகச் சிறிய ஒன்று. நீ சொன்னாய், நான் சொல்லவில்லை, பொய் என்கிற மாதிரி மூவருக்குள் ஒரு வெற்றுச் சீண்டல். ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வது இதுதானா? அப்படியானால் தான் ஏந்தி வந்த கிண்ணத்தில் இருந்தது என்ன? கடைசி விளக்கும் அணைகிறது. கோபத்திலும் அவமானத்திலும் கண் எரிய இருட்டில் நிற்கிறான். ஒருவன் காதலைப் பிரம்மாண்டம் சிறுக்கவைத்தது, மற்றவன் காதலை அற்பம் சிறுக்கவைத்தது.

அந்தச் சவுக்கடியை இன்று படிக்கையில் எனக்கு வயிறு கலங்குகிறது. பள்ளி நாட்களில், இது காதலின் உச்சம் என்று விளாதிமிரைப் போலவே நானும் நினைத்தேன். இப்போது பார்ப்பது ஸினயீதாவை. நான்கு ஆண்களைப் பூவால் தட்டி ஆண்டவள், சில வாரங்களுக்குள் அடித்த கைக்காகக் காத்திருப்பவளாக மாறியிருக்கிறாள். அவளுக்கும் அது முதல் காதல்தான். அவளும் அந்தக் கோடையில்தான் வளர்ந்தாள், விளாதிமிரைவிட மிக அதிக விலை கொடுத்து. துர்கனேவுக்கு இது தெரிந்திருக்கிறது. உயிரைப் பறித்த பக்கவாதம் தாக்கிய நாளன்று காலையில் அப்பா மகனுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்குகிறார், பெண்ணின் காதலுக்கு அஞ்சு என்று. அஞ்ச வேண்டியது எதற்கு என்பதை அவர் கடைசிவரை தவறாகவே புரிந்துகொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜாய்ஸ் தன் பெண்ணுக்கு இந்த அளவு இடம் தரவில்லை. விளக்கு வெளிச்சம் விழும் கழுத்து, பாவாடையின் வெள்ளைக் கரை, கம்பி வேலியைப் பிடித்த கை, அந்த வளையல். பையன் கண்ணில் பட்டது அவ்வளவுதான், அதற்குமேல் காட்டினால் பொய்யாகிவிடும். ஆனாலும் பொருட்காட்சிக்குப் போக ஆசைப்பட்டவள் முதலில் அவள். போக முடியாமல் போனதும் அவளுக்குத்தான்.

விளாதிமிருக்குப் பின்கதை உண்டு. நான்கு ஆண்டு கழித்து ஸினயீதா திருமணமாகி பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு விடுதியில் தங்கியிருப்பதாகக் கேள்விப்படுகிறான். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறான். ஏதேதோ வேலையில் இரண்டு வாரம் தள்ளிப்போகிறது. போனபோது, நான்கு நாள் முன்பு பிரசவத்தில் இறந்துவிட்டாள் என்கிறார்கள். நான்கு நாள்.

டப்ளின் பையனுக்கு அந்த இருட்டு மண்டபத்தோடு கதை நின்றுவிடுகிறது. நான்தான் அதற்கு அடுத்த திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். காலையில் எதிர் வீட்டுக் கதவு திறக்கும். அவள் படியில் வந்து நிற்பாள். ஏதாவது வாங்கி வருகிறேன் என்று சொன்ன பையன், ஜன்னல் திரைக்குப் பின்னால் தரையில் படுத்திருந்தானா, அந்த ஓர் அங்குலத்தையும் அன்று இழுத்து மூடிவிட்டானா?