ஸ்டட்டர் (கணினி விளையாட்டு)

கணினியில் விளையாடிக்கொண்டிருக்கும்போது காட்சி ஒரு கணம் நின்று, பின் குதித்து நகர்வது ஸ்டட்டர் எனப்படும். விளையாட்டு முழுவதும் மெதுவாக ஓடுவது வேறு, இது வேறு. நொடிக்கு 60 ஃப்ரேம் (படச்சட்டம்) என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிநொடி. அவற்றுள் ஒன்று மட்டும் 100 மில்லிநொடி எடுத்தால் கண் உடனே பிடித்துவிடும். சராசரியோ 55-க்குக் கீழே இறங்காது.

இந்தக் குறையை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவை இரட்டை கிராபிக்ஸ் கார்டுகள். என்விடியா 2004-இல் எஸ்.எல்.ஐ. முறையையும், ஏ.டி.ஐ. 2005-இல் கிராஸ்ஃபயரையும் கொண்டுவந்தன. இரண்டு கார்டுகளும் ஃப்ரேம்களை மாற்றி மாற்றி வரைந்தன. எண்ணிக்கை கூடியது, இடைவெளி சீராக இல்லை. இரண்டு ஃப்ரேம் ஒட்டி வரும், அடுத்தது தாமதிக்கும். மைக்ரோ ஸ்டட்டர் என்று இதற்குப் பெயரிட்டுப் புலம்பியவர்களைப் பலகாலம் யாரும் பொருட்படுத்தவில்லை.

2011 செப்டம்பரில் 'தி டெக் ரிப்போர்ட்' இணையதளத்தின் ஸ்காட் வாசன், ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்துக்கொண்ட நேரத்தைத் தனித்தனியாக வரைபடமாக்கினார். கார்டுகளின் தரத்தைச் சொல்லச் சராசரி எண் மட்டும் போதாது என்பது அதில் புலப்பட்டது. 2013-இல் என்விடியாவின் எஃப்கேட் கருவி வந்தது. ஃப்ரேமுக்கு ஒரு நிறப்பட்டையை ஓரத்தில் பதித்து, திரைக்குப் போகும் படத்தைப் பிடித்து, பட்டையின் உயரத்தை அளப்பது இதன் முறை. சில வரி உயரமே திரைக்கு வந்தவற்றையும் முழு ஃப்ரேமாக எண்ணிவந்த குட்டு உடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், ஏ.டி.ஐ.யை முன்பே வாங்கியிருந்த ஏ.எம்.டி. ஃப்ரேம் இடைவெளியைச் சீராக்கும் டிரைவரை வெளியிட்டது. போட்டியாளரின் கருவி என்றாலும் அளவு சரியாகவே இருந்தது. 2021 தொடங்கியபின் என்விடியா எஸ்.எல்.ஐ.க்குப் புதிய டிரைவர் அமைப்புகள் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது.

ஒற்றைக் கார்டிலும் ஸ்டட்டர் வரும். காரணம் அறிய, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஃப்ரேம் நேரம், வெப்பம், கிளாக் வேகம் மூன்றையும் சேர்த்துப் பதிய வேண்டும். இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ் வரம்பு. அதை எட்டும் வேளையில் கிளாக் சரிந்தால் குற்றவாளி கூலர், தூசி அல்லது காய்ந்துபோன வெப்பப் பேஸ்ட். இதைப் பார்க்காமல் புதுக் கார்டுக்குப் பணம் கட்டுவோர் உண்டு. ரெசல்யூஷனைக் குறைத்தும் மாறாவிட்டால் பிராசஸர் பக்கம் பார்க்கலாம். டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்ததும் நின்றால் கார்டின் மெமரி நிரம்பி வழிந்திருக்கிறது. புது இடத்தில் முதல்முறை மட்டும் நின்று, மறுமுறை சரளமாக ஓடினால், ஷேடர்கள் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) அந்த நேரத்தில்தான் கம்பைல் ஆகின்றன. வன்பொருளை மாற்றிப் பயனில்லை. 2022-இல் சில ரைசன் பிராசஸர் கணினிகளில் எஃப்டிபிஎம் பாதுகாப்பு வசதியே இடையிடையே ஸ்டட்டர் தருவதாக ஏ.எம்.டி. ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட்டில் சரிசெய்தது.

ரெஃப்ரெஷ் வேகத்தை ஃப்ரேமுக்கு ஏற்ப மாற்றும் ஜி-சிங்க் (2013 அறிவிப்பு) போன்ற மானிட்டர்கள் சிறு ஏற்றத்தாழ்வை மறைக்கும், நீண்ட தடையை மறைக்கா. இப்போது ஸ்டீம் டெக் போன்ற கையடக்க விளையாட்டுக் கருவிகளுக்கு ஷேடர்கள் முன்கூட்டியே கம்பைல் ஆகி இறங்குகின்றன.