மூளை நாடியிசிவு: ஒரு காரண ஆராய்ச்சியின் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை மணல் அடைப்பது மாரி வெள்ளம் பெருகியோடும் நாளிலன்று. வெள்ளம் வடிந்து நீரோட்டம் தளர்ந்த பின்னரேயாம். மனித மூளையிலும் இதனையொத்த நிகழ்ச்சியொன்று உண்டு. மூளையின் அடியிலுள்ள நாடியொன்றிற் புடைத்த இடம் வெடிக்க, மூளையைப் போர்த்த மென்சவ்வுகளின் இடைவெளியிற் குருதி பரவுகின்றது. அவ்விடர் தப்பிய நோயாளி தேறினாரென உற்றார் ஆறுதல் கொள்ளும் வேளையில், நாடிகள் சுருங்கி, மூளை குருதியின்றி வாடத் தொடங்கும். இதுவே நாடியிசிவு. இதன் காரணத்தை அறிஞர் தேடிய வரலாறு, ஒரு விளைவுக்கு ஒரே காரணம் எனத் துணிவதன் குறையை நன்கு காட்டுவதாகும்.

மூளையடியில் நாடிகள் வட்டமாய் இணைந்திருத்தலை இங்கிலாந்து மருத்துவர் தோமசு வில்லிசு 1664 இல் விளக்கி எழுதினார். எனினும், உயிருள்ளோரின் மூளை நாடிகளை எக்சுக்கதிர்ப் படத்திற் காணும் வழியைப் போர்த்துக்கல் நாட்டு எகாசு மொனிசு 1927 இலேயே வகுத்தார். அம்முறையைக் கொண்டு அமெரிக்கரான எக்கரும் றீமன்சினைடரும் 1951 இல் நாடியிசிவைப் படமாகக் காட்டினர். அது 3ஆம் நாளளவிற் தொடங்கி, 6 முதல் 8 நாட்களில் உச்சமுற்று, 12ஆம் நாளளவில் நீங்குமெனக் கனடாவைச் சேர்ந்த வீர் முதலியோர் 1978 இல் கணித்தனர். குருதி தடித்து உறைந்தவிடத்திலேயே இசிவு மிகுமென்பதை மில்லர் பிசர் குழுவினர் 1980 இல் நிறுவினர்.

உறைந்த குருதியே காரணமெனில், அது உடனே தொழிற்படாதது ஏன்? இவ்வினாவிற்கு இரசாயனவியல் விடை தந்தது. கட்டியிற் சிக்கிய செங்குருதிக்கலங்கள் சிறிது சிறிதாகவே உடைகின்றன. அப்போது வெளிப்படும் ஒட்சியீமோகுளோபின் நாடிச்சுவரைத் தாக்குகின்றது. நாடியின் உட்படைக் கலங்கள் அதனைத் தளர்த்தும் பொருளொன்றைச் சுரப்பதை 1980 இல் பேர்ச்கொட் வெளியிட்டார்; அது நைத்திரிக்கு ஒட்சைட்டு என 1987 இல் தெளிவாயிற்று. ஈமோகுளோபின் அதனைக் கவர்ந்து பயனற்றதாக்கும். நாடியைச் சுருக்கும் எண்டோதீலினை 1988 இல் யப்பானிய அறிஞர் யனகிசாவா முதலியோர் கண்டனர். ஈமோகுளோபின் அதன் சுரப்பைத் தூண்டும். தளர்த்துவது குறையச் சுருக்குவது மிகுதலால், தசைக்கலங்களிற் கல்சியம் பெருகி நாடி இறுகுகின்றது.

இவ்விளக்கம் நிறைவுடையதென்றே தோன்றிற்று. ஆயின் மருந்துகள் வேறு உண்மையை உணர்த்தின. கல்சியம் புகும் வழியை அடைக்கும் நிமோடிப்பைன் பற்றிய பிரித்தானியச் சோதனை 1989 இல் வெளியாயிற்று. 554 நோயாளரைக் கொண்ட அச்சோதனையில், மருந்து பெறாதோரில் நூற்றுக்கு 33 பேருக்கு மூளைத்திசு மடிய, மருந்து பெற்றோரில் 22 பேருக்கே அது நேர்ந்தது. எனினும், அம்மருந்தாற் படத்திற் காணும் சுருக்கம் பெரிதும் குறைவதில்லை. இதற்கு மாறாக, எண்டோதீலினைத் தடுக்கும் கிளாசொசென்றன் 2008 இற் கண்ட சோதனையில், உயர்ந்த அளவிற் கொடுத்தபோது, நாடியிசிவை நூற்றுக்கு 65 வீதம் குறைத்தது. ஆனால் 2011 இல் வெளியான பெருஞ்சோதனையில் நோயாளரின் இறுதிநிலை சீர்ப்படவில்லை. நாடியைத் திறந்த மருந்து மூளையைக் காக்கவில்லை. மூளையைக் காத்த மருந்து நாடியை அவ்வளவாகத் திறக்கவில்லை.

ஆகவே, நாடியிசிவோடு நுண்குருதிக்கட்டிகள், மூளையின் மேற்பரப்பிற் பரவும் மின்னழுத்தக் குலைவு, கசிவின் முதற் பொழுதிலேயே நேரும் சிதைவு என்பனவும் காரணங்களாக இன்று ஆராயப்படுகின்றன. முகத்துவாரத்தை வெட்டித் திறந்த மாத்திரத்தே அழுகிய பயிர் தளிர்ப்பதில்லை என்பதைப் படுவான்கரை உழவர் அறிவர். முன்னொருபோதும் உணராத கடுந்தலையிடி இடிபோல் திடீரெனத் தோன்றின், விடியட்டும் எனக் காத்திராது வாவியைக் கடந்து வைத்தியசாலை சேர்தலே, இவ்வரலாறு சாதாரண மக்களுக்கு உரைக்கும் பாடமாகும்.