வழுநீக்கியின் திரையில் தமிழ் எழுத்து

கணினி நிரல் எதிர்பார்த்தபடி ஓடாதபோது, அதனை வேண்டிய இடத்தில் நிறுத்தி, நினைவகத்தில் எந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்று நோக்குவதற்கு நிரலர்கள் கையாளும் கருவியை டீபக்கர் என்பர். தமிழில் அதனை வழுநீக்கி என வழங்குகிறோம். பெயர் சற்று மிகையானதே. அக்கருவி வழுவை நீக்குவதில்லை. காட்டுவதோடு அதன் பணி முடிகிறது. ஆனால் காட்டுவதிலேயே அது தவறுமாயின், பழுதில்லாத இடத்தில் நிரலர் பழுதைத் தேடத் தொடங்குவார். நினைவகத்தில் செம்மையாக இருந்த தமிழ்ச்சொல் வழுநீக்கியின் திரையில் சிதைந்து தோன்றிய வரலாற்றையும், அது சீராக்கப்பட்ட முறையையும் இவ்வுரையில் காண்போம்.

சான்றாக, ஜிடிபி என்னும் வழுநீக்கியை எடுத்துக்கொள்வோம். ரிச்சர்டு ஸ்டால்மன் 1986ஆம் ஆண்டில் உருவாக்கிய இக்கருவி இன்றளவும் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. யூனிக்கோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்னும் சொல்லை ஒரு நிரலில் இட்டு, ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே அறிந்த சூழலில் அதனைக் காட்டுமாறு ஜிடிபியைக் கேட்டால், திரையில் வருவது இது:

\340\256\244\340\256\256\340\256\277\340\256\264\340\257\215

மூன்று எழுத்துக்குப் பதினைந்து எண்கள். இவை எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் அமைந்தவை. ஏன் எட்டு? 1960களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிடிபி-1 கணினிக்கு டிடிடி என்னும் வழுநீக்கி எழுதப்பட்டது. அக்கணினியின் ஒரு சொல் 18 பிட்டு அளவினது. எட்டடி இலக்கம் ஒன்று 3 பிட்டைக் குறிப்பதால், 18 பிட்டு ஆறு இலக்கங்களாக அழகாகப் பிரிந்தது. பின்னர் பெல் ஆய்வகத்தில் சி மொழி உருவானபோது, அங்கிருந்த பிடிபி-11 கணினியின் சொல் 16 பிட்டாகவும், பைட்டு 8 பிட்டாகவும் இருந்தன. இரண்டுமே மூன்றால் வகுபடாதவை. ஆயினும் எட்டடிப் பழக்கம் மாறவில்லை. அச்சிட இயலாத பைட்டை ஒரு சாய்கோடும் மூன்று எட்டடி இலக்கமுமாக எழுதும் வழக்கம் சி மொழிக்குள் நுழைந்து, அதன் வழியே வழுநீக்கிக்கும் வந்து சேர்ந்தது.

இந்தப் பழைய வழக்கம் தமிழுக்கு எதிர்பாராத ஒரு நன்மையும் செய்கிறது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில், தொடர்ந்துவரும் பைட்டு ஒவ்வொன்றும் எழுத்தின் எண்ணில் 6 பிட்டைச் சுமக்கிறது; ஆறு பிட்டு என்பது சரியாக இரண்டு எட்டடி இலக்கம். எனவே மேலே கண்ட எண்களில் 3 என்று தொடங்குவது குறியின் முதற்பைட்டு. 2 என்று தொடங்குவது தொடர்பைட்டு. 'த' என்பதன் 340, 256, 244 ஆகியவற்றில் தொடர்பைட்டுகளின் முதல் இலக்கமாகிய 2ஐ நீக்கினால் 56, 44 எஞ்சும். சேர்த்தால் 5644. பத்தடி முறையில் இது 2980. யூனிக்கோடு அட்டவணையில் 'த' பெற்றுள்ள எண் அதுவே. வகுப்பறைக் கரும்பலகையிலேயே மாணவர்கள் இதனைச் செய்து பார்க்கலாம்.

முழுவதும் எண்ணாக வருவது படிக்க இயலாததே தவிர, பொய்யன்று. பாதி எழுத்தாகவும் பாதி எண்ணாகவும் வருவதுதான் கேடு விளைவித்தது. பழைய ஜிடிபியில் திரைக்குரிய குறியேற்றம் இலத்தீன்-1 என்று அமைந்திருந்தால், 128 முதல் 159 வரையான பைட்டுகள் கட்டுப்பாட்டுக் குறிகளாகக் கொள்ளப்பட்டு எண்ணாக மாற்றப்பட்டன. 160 முதல் மேலே உள்ளவை ஐரோப்பிய எழுத்துகளாகக் கருதப்பட்டு அப்படியே அனுப்பப்பட்டன. முனையத் திரையோ யூடிஎஃப்-8 அறிந்தது. அதன் விளைவை ஒரு மொழியியலாளர் கண்கொண்டு பார்த்தால் வியப்பே மேலிடும். மெய்யெழுத்து வரிசைக்குரிய பதினெட்டில் ண, த, ந, ப, ம முதலிய பதின்மூன்று ஒழுங்காகத் தெரிந்தன. க, ங, ச, ஞ, ட ஆகிய ஐந்து சிதைந்தன. கால் எனப்படும் ஆகாரக் குறியும் இகரக் குறியும் தப்பின. ஈகாரம், உகரம் முதலிய ஏனைய உயிர்க்குறிகள் அனைத்தும் சிதைந்தன. உயிரெழுத்துப் பன்னிரண்டில் ஒன்றும் தப்பவில்லை. புள்ளியும் தப்பவில்லை. ஆகவே, 'தமிழ்' என்னும் சொல்லில் 'தமிழ' வரை செம்மையாக வந்து, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிதைவுக் குறியும் 215 என்னும் எண்ணும் நின்றன. தமிழ் அறியாத நிரலர் இதனைக் கண்டால், தரவு பாதியில் கெட்டுவிட்டது என்றுதான் முடிவு செய்வார். தமிழ் அறிந்தவரும் அப்படியே எண்ண இடமுண்டு. எழுத்துகளைத் தெரிவும் சிதைவுமாகப் பிரித்தது எந்த இலக்கணமும் அன்று; அட்டவணையில் அவை அமர்ந்த இடமே.

இதற்கு முந்தைய காலத்தையும் ஒருமுறை நினைவுகூர்தல் தகும். 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ் இணைய மாநாடும், 1999இல் சென்னையில் கூடிய மாநாடும் தமிழுக்குப் பொதுக் குறியேற்றம் தேடிய முயற்சிகள். அக்காலத்து டிஸ்கி முறையில் 'தமிழ்' நான்கே பைட்டுகள். இலத்தீன்-1 திரையில் அது முக்கால் என்னும் பின்னக் குறி, மேற்கோடிட்ட ஏ, சென்ட் நாணயக் குறி, மேற்கோடிட்ட யு என்று தோன்றும். அந்நாளைய மின்னஞ்சலில் பழகியவர்களுள் பலருக்கு அவ்வடிவமே 'தமிழ்' என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். ஆனால் கவனிக்கத்தக்கது வேறொன்று. டிஸ்கியில் 'ழ்' ஒரே குறி. யூனிக்கோட்டில் அது 'ழ' என்னும் குறியும் புள்ளி என்னும் குறியுமாக இரண்டு.

நம் இலக்கண மரபில் மெய்யே அடிப்படை. அகரம் சேர்ந்தே 'ழ' ஆகிறது. மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் செய்தி. இந்திய மொழிகளுக்கான இஸ்கி தரத்தை அடியொற்றிய யூனிக்கோடோ, அகரமேறிய வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, புள்ளியை அகரம் நீக்கும் அடையாளமாக வைத்தது. சேமிப்பு முறை என்ற அளவில் இதனால் இழப்பில்லை என்பதே நம் கருத்து. ஆயினும் அடிப்படை எழுத்தைவிட்டுப் புள்ளி தனியே பிரிந்து நிற்கக்கூடும் என்னும் நிலை இதனால்தான் வந்தது. வழுநீக்கியின் திரையில் அது கண்கூடாகியது.

சீராக்கம் 2009இல் வெளிவந்த ஜிடிபி 7.0 பதிப்பில் அமைந்தது. ஆராயப்படும் நிரலின் குறியேற்றம் வேறு, ஆராய்பவர் திரையின் குறியேற்றம் வேறு என்ற பாகுபாடு அதற்கு முன்னரே இருந்தது. ஆனால் இரண்டிலும் ஒரு பைட்டு ஓர் எழுத்து என்ற கருத்தே கோலோச்சியது. புதிய பதிப்பு ஐகான்வ் என்னும் குறியேற்ற மாற்று நூலகத்தைத் துணைக்கொண்டு, பைட்டுத் தொடரை முதலில் எழுத்துக் குறிகளாக மாற்றியது. அதன் பின்னரே 'இது அச்சிடத்தக்கதா' என்று கேட்டது. மாற்ற இயலாத பைட்டு எதிர்ப்பட்டால் அதை மட்டும் எண்ணாகக் காட்டியது. கேள்வி அதேதான்; கேட்கும் இடம் மாறியது. பைட்டை நோக்கிக் கேட்டால் 215க்கு விடை 'இல்லை'. புள்ளியை நோக்கிக் கேட்டால் விடை 'ஆம்'.

எனினும் சிக்கல் அத்துடன் தீரவில்லை. ஜிடிபி நீண்ட சரத்தை 200 உறுப்புகளோடு நிறுத்திக்கொள்ளும் இயல்புடையது. இதனைப் பைட்டுக் கணக்கில் கொண்டு, இடைவெளியின்றித் தமிழ்க் குறிகளே தொடர்ந்து வந்தால், 66 குறிகள் முழுமையாக அடங்கி 2 பைட்டு எஞ்சும். அறுபத்தேழாம் குறி அறுபட்டு எண்ணாய் நிற்கும். குறிக் கணக்கில் கொண்டாலும் 'கி' என்பதன் ககரத்தோடு நின்று இகரக் குறியைக் கைவிட நேரலாம். பயனர் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தோன்றுவதைப் பிரிக்காமல் வெட்டும் விதிகளை யூனிக்கோடு அமைப்பு வகுத்துள்ளது. அவற்றைப் பின்பற்றும் கருவிகள் உயிர்மெய்யை உயிர்மெய்யாகவே மதிக்கின்றன.

அப்படியாயின், வழுநீக்கி எப்போதும் அழகிய தமிழையே காட்ட வேண்டுமா? இவ்விடத்தில் நாம் உடன்பட மாட்டோம். 'கொ' என்பதை யூனிக்கோட்டில் ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து 6 பைட்டில் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்து 9 பைட்டிலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நிரல் இரண்டையும் ஒப்பிட்டு 'வெவ்வேறு' என்று சொல்ல, வழுநீக்கி இரண்டையும் ஒரே வடிவில் காட்டினால், நிரலர் எதைக் கண்டு தெளிவார்? அங்கே பழைய எட்டடி எண்ணே உண்மை பேசும். ஜிடிபியில் நினைவகத்தைப் பைட்டு பைட்டாக ஆராயும் எக்ஸ் என்னும் கட்டளை இதற்காகவே இருக்கிறது. எழுத்தையும் எண்ணையும் வேண்டியபோது வேண்டியவாறு காட்டவல்ல கருவியையே நாம் செம்மையானது என்போம்.

இயல்பாக்கம் எனப்படும் யூனிக்கோடு நெறி 'கொ'வின் இரு வடிவங்களையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் மாணவர் பெயர்ப் பட்டியலில் 'கௌரி' என்று இருக்க, தேடுபவர் ஒற்றைக் கொம்பு, ககரம், ளகரம் எனத் தட்டி 'கெளரி' என்று எழுதினால், எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது. முன்னது 12 பைட்டு. பின்னது 15 பைட்டு. பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது அரிது. கணினியைப் பொறுத்தவரை இது குறியேற்றச் சிக்கலே அன்று; எழுத்துப் பிழை. பைட்டுகளை எண்ணிப் பார்த்து அதனைக் கண்டறியும் நிரலர், அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவரிடம்தான் செல்ல வேண்டியிருக்கிறது.